தீப்பெட்டி சொல்லும் கணக்கு

சென்ற மாதம் ஒரு நாள் மாலை கயத்தாற்றில் என் வீட்டுக்கு அருகில் உள்ள மளிகைக் கடை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். சீரகம், கடுகு முதலியன வாங்கினேன். மொத்தம் 48 ரூபாய் ஆயிற்று. 50 ரூபாய்த் தாளை நீட்டினேன். கடைக்காரர் கல்லாப் பெட்டியை ஒருமுறை துழாவினார். பிறகு, "சில்லறை இல்லை சார்" என்று சொல்லி, ஒரு தீப்பெட்டியை எடுத்து என் பையில் போட்டுவிட்டார். தீப்பெட்டியின் விலை 2 ரூபாய். எனக்கு வரவேண்டியதும் 2 ரூபாய். கணக்கில் பிழை இல்லை. ஆயினும் நான் தீப்பெட்டி கேட்கவில்லையே!

அடுத்த வாரம் அதே கடையில் 22 ரூபாய்க்குப் பொருள் வாங்கினேன். 20 ரூபாய்த் தாளோடு அந்தத் தீப்பெட்டியையும் வைத்தேன். கடைக்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, "சார் இன்னும் பாடம் நடத்துறதை விடலை" என்று கூறிச் சிரித்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அன்று முதல் எனக்கென்று சில நாணயங்களை ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறார்.

இது சிரித்து மறக்கக்கூடிய சிறு நிகழ்ச்சிதான். ஆயினும் பொருளாதார நூலின் முதற்பாடம் இதனுள் அடங்கியிருக்கிறது. பணம் என்பது யாது? கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரே மதிப்புடன் ஏற்கப்படுவது எதுவோ அதுவே பணம். கடைக்காரர் கையிலிருந்து வரும்போது மட்டும் 2 ரூபாயாக இருந்து, நம் கையிலிருந்து போகும்போது 2 ரூபாயாக இல்லாமற்போவது பணம் ஆகாது. அது வெறும் சரக்கு. சில்லறைக்கு ஈடாகத் தரப்படும் சரக்கை வாங்க மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் ஒன்று உளது. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாளோடு செல்லாதவையாயின. ஆனால் 50 காசு நாணயம் சட்டப்படி இன்றும் செல்லும். ஒரு தடவையில் 10 ரூபாய் வரை அந்த நாணயத்தைக் கொண்டே கொடுக்கலாம். எந்தக் கடையிலாவது அதனை நீட்டிப் பாருங்கள்! செல்லும் காசை வாங்க மறுக்கிறார்கள். காசே அல்லாத தீப்பெட்டியைக் காசு என்கிறார்கள்.

சில்லறை பற்றிய வேடிக்கை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்தியாவில் தசம நாணய முறை வந்தது. அதற்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. புதிய முறையில் ஒரு ரூபாய்க்கு 100 காசு. பழைய காசிலிருந்து வேறுபடுத்த இதனை 'நயா பைசா' என்றார்கள். 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதம்தான் 'நயா' என்னும் அடைமொழி நீங்கியது. சில ஆண்டுகள் பழையதும் புதியதும் சேர்ந்தே புழங்கின. ஓர் அணாவுக்குச் சரியான மதிப்பு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே சட்டம் ஒரு விதி வகுத்தது: அரைப் பைசாவும் அதற்குக் குறைந்ததும் விடப்படும், அரைக்கு மேற்பட்டது முழுப் பைசாவாகக் கொள்ளப்படும்.

இவ்விதியின்படி ஓர் அணாவுக்கு 6 நயா பைசா. மூன்று அணாவுக்கோ பதினெட்டே முக்கால், அதாவது 19 நயா பைசா. ஓரணாப் பொருள்கள் மூன்றை ஒரே நேரத்தில் வாங்கினால் 19 கொடுக்க வேண்டும். மூன்று தடவையாக வாங்கினால் 18 போதும். ஒரு பைசா ஆதாயம்! என் தந்தையார் இதனைச் சொல்லி, "அந்த ஒரு பைசாவுக்காகக் கடைக்கு மூன்று நடை நடந்தவர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள்" என்பார். ஆனால் எல்லாப் பொருளுக்கும் இத்தந்திரம் பலிக்காது. முக்காலணாவுக்கு ஏறக்குறைய 4.69, அதாவது 5 நயா பைசா. இரண்டு தடவை வாங்கினால் 10 ஆகும். சேர்த்து ஒன்றரை அணாவாக வாங்கினாலோ 9.375, அதாவது 9 நயா பைசாதான். இங்கே பிரித்து வாங்கினவர் ஒரு பைசா இழந்தார். ஆகவே, 'பிரித்து வாங்கினால் மலிவு' என்பதும், 'மொத்தமாக வாங்கினால் மலிவு' என்பதும் வேதவாக்கு அல்ல. கணக்குப் போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

இனி மீண்டும் தீப்பெட்டிக்கு வருவோம். அதனைக் காசாகக் கருதலாகாது என்றேன். ஆனால் இழிவாகக் கருதவும் ஆகாது. எங்கள் கரிசல் சீமைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

உரசியவுடன் தீப்பற்றும் குச்சியை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தவர் ஜான் வாக்கர் என்னும் ஆங்கிலேய மருந்துக் கடைக்காரர், ஆண்டு 1827. பின்னர் வந்தவர்கள் வெண்பாஸ்பரஸைப் பயன்படுத்தினார்கள். அது எளிதில் தீப்பற்றியது. ஆனால் தொழிற்சாலையில் உழைத்தவர்களின் தாடை எலும்பை அழுகச் செய்து உயிரையும் பறித்தது. சுவீடன் நாட்டார் இதற்கு ஒரு மாற்றுக் கண்டனர். தீப்பற்ற வேண்டிய மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் குச்சியின் தலையிலும் மற்றொரு பகுதியைப் பெட்டியின் பக்கத்திலும் வைத்தனர். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வச்சிரமும் இருக்கின்றன. பெட்டியின் பக்கத்தில் நச்சற்ற சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் உரசும்போதுதான் தீ பிறக்கும். தலை எரிந்த பிறகு, குச்சியில் ஊறியிருக்கும் மெழுகு அத்தீயை மரத்துக்கு இட்டுச் செல்லும். 1906-ஆம் ஆண்டு பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெண்பாஸ்பரஸ் தீப்பெட்டியைத் தடை செய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913-ஆம் ஆண்டு அதற்குச் சட்டம் பிறந்தது.

அக்காலத்தில் நம் நாட்டுக்குத் தீப்பெட்டி பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்தே வந்தது. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அடுத்த ஆண்டு சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். அங்கிருந்து அது சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் எனக் கரிசல் நிலமெங்கும் பரவிற்று. பரவியதற்குக் காரணங்கள் உண்டு. மருந்து முக்கிய குச்சியும் பசை தடவிய பெட்டியும் உலர வெயில் வேண்டும். எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மழைக்குத்தான் பஞ்சம். கம்பும் சோளமும் பருத்தியும் வானத்தை நம்பி நிற்பவை. வானம் பொய்த்த ஆண்டில் குடும்பங்களுக்குக் கூலி கொடுத்தது, ஊரார் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று அழைக்கும் அந்தக் கூரைக் கட்டடமே. சில்லறைக்குப் பதிலாகக் கடைக்காரர் நம் கையில் வைக்கும் மற்றொரு பொருளான கடலை மிட்டாயும் இந்நிலத்துச் செல்வமே. மானாவாரி நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

இனி விலையைப் பார்ப்போம். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து 2 ரூபாயாக உயர்ந்தது. 2007-ஆம் ஆண்டில் 50 காசிலிருந்து ஒரு ரூபாயான பிறகு, பதினான்கு ஆண்டுகள் கழித்து ஏற்பட்ட முதல் உயர்வு அது. அவ்வளவு காலம் விலை ஏறாத பொருள் வேறு எது என்று செய்தித்தாள்கள் வியந்தன; அயல்நாட்டுச் செய்தி நிறுவனங்களும் இதனை ஒரு புதுமையாக வெளியிட்டன. சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை ஆகியவற்றின் விலையேற்றமே காரணம் எனத் தொழில் நடத்துவோர் கூறினர்.

"விலை இரண்டு மடங்காயிற்று" என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். நாமும் அப்படியே சொல்லலாமா? விலை ஏறியபோது பெட்டியில் அடைக்கும் குச்சிகளின் எண்ணிக்கையும் 36-லிருந்து 50 ஆக்கப்பட்டது என்று அச்செய்திகளிலேயே இருந்தது. நாம் வாங்குவது பெட்டியையன்று, குச்சியை. பழைய கணக்கில் ஒரு குச்சியின் விலை 100-ஐ 36-ஆல் வகுக்க வருவது, ஏறக்குறைய 2.78 காசு. புதிய கணக்கில் 200-ஐ 50-ஆல் வகுக்க 4 காசு. ஆகவே குச்சியின் விலை ஏறியது 44 விழுக்காடே. 100 விழுக்காடு அன்று. பெட்டியைப் பார்த்தவருக்கு ஒரு விடை. குச்சியை எண்ணியவருக்கு வேறொரு விடை.

இதன் மறுபுறத்தையும் அறிய வேண்டும். விலையை ஏற்றாமலே விலையை ஏற்றும் வித்தை ஒன்று உண்டு. 10 ரூபாய்க்கு 100 கிராம் இருந்த பிஸ்கட் பொட்டலம், அதே 10 ரூபாய்க்கு 80 கிராம் ஆகிவிடுவதாக வைத்துக்கொள்வோம். உறை அதே நிறம். விலை அதே விலை. எடை குறைந்தது 20 விழுக்காடு. ஆகவே விலை ஏறியதும் 20 விழுக்காடுதான் என்று விடை சொல்லும் மாணவர் பலர். தவறு! முன்பு கிராமுக்கு 10 காசு. இப்போது பன்னிரண்டரைக் காசு. ஏற்றம் 25 விழுக்காடு. அவ்வாறே பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதும் மயக்கமே. 200 மில்லி எண்ணெய் 38 ரூபாய்க்கும் 500 மில்லி 100 ரூபாய்க்கும் விற்றால், சிறியதில் 100 மில்லிக்கு 19 ரூபாய். பெரியதில் 20 ரூபாய். இத்தகைய மயக்கம் தீரவே பொட்டலப் பொருள்களின் உறையில் ஓர் அலகுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்னும் விதி, 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே கொண்டுவரப்பட்டது. உறையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். உறையில் அச்சிட்ட உச்ச விலை என்பது எல்லா வரியும் உட்பட்டது. அதற்குக் குறைத்து விற்கலாம், மிகுத்து விற்கலாகாது. மிகுத்துக் கேட்டால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். முறையிட வேண்டுமாயின், தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண் 1915.

தீப்பெட்டியைச் சுற்றி வேடிக்கைச் செய்திகளும் பல. 1871-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நிதியமைச்சர் இராபர்ட் லோ, தீப்பெட்டிக்கு வரி போட முனைந்தார். நூறு குச்சிக்கு அரைப் பென்னி. மிகச் சிறிய தொகைதான். ஆனால் கிழக்கு இலண்டனின் தீப்பெட்டித் தொழிலாளர்கள், பெண்களும் சிறுமியருமாகப் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் புறப்பட்டார்கள். வரி கைவிடப்பட்டது. அதன் நினைவாக அங்கே ஒரு குடிநீர் ஊற்றும் கட்டினார்கள். தீப்பெட்டிக்காகத் தண்ணீர்ப் பந்தல் கண்ட ஊர் அது ஒன்றாகத்தான் இருக்கும்! நம் நாட்டிலோ 1934-ஆம் ஆண்டில் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. ஊற்று ஒன்றும் வரவில்லை.

மற்றொரு கதையும் வழங்குகிறது. மெய்யோ, கட்டுக்கதையோ, கருத்து நன்று. ஒருவர் தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளியிடம் சென்று, "உமக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை மிச்சமாக ஒரே சொல்லில் வழி சொல்வேன், எனக்கு ஒரு பங்கு தருவீரா?" என்று கேட்டாராம். முதலாளி ஒப்புக்கொண்டதும், "பெட்டியின் இரு பக்கமும் மருந்து தடவுகிறீரே, ஒரு பக்கம் போதாதா?" என்றாராம். கோடிக்கணக்கில் பெருக்கும்போது சிறிய மிச்சமும் செல்வமாகிறது. சிறு துளி பெரு வெள்ளம் என்னும் பழமொழிக்கு இதைவிட நல்ல உரை கிடையாது.

எங்கள் பாட்டிமார் சிக்கனத்தில் அந்த மனிதருக்கு இளைத்தவர்கள் அல்லர். இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். விடியற்காலையில் ஊதினால் கங்கு கண் விழிக்கும். அணைந்துபோனால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி நெருப்பு வாங்கி வருவார்கள். ஒரு தீக்குச்சி மிச்சம்; உறவும் மிச்சம்.

இதுவரை வாங்குபவர் பக்கத்துக் கணக்கைப் பார்த்தோம். இத்துடன் நிறுத்தினால் நான் பாதிப் பாடம் நடத்தியவன் ஆவேன்.

1980-களின் நடுவில், கயத்தாற்றை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் இளம் ஆசிரியனாகப் பணியாற்றினேன். என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். 144-ஐ எந்த எண்ணால் பெருக்கச் சொன்னாலும், மற்றவர்கள் பலகையை எடுக்கும் முன் விடை சொல்லிவிடுவாள். அவளுடைய நுண்ணறிவை எண்ணி மகிழ்ந்தேன். காரணம் பின்னரே தெரிந்தது. தீப்பெட்டிக் கூலி அக்காலத்தில் 'குரோஸ்' கணக்கில். ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. மாலையில் தாயுடன் அமர்ந்து அடிப்பெட்டி ஒட்டிய விரல்கள் அவை. நான் கற்றுக்கொடுத்த வாய்பாடு அன்று அது. அடுத்த ஆண்டு அவள் வகுப்புக்கு வரவில்லை. விடியுமுன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வேன் அவளையும் ஏற்றிச் சென்றது. வீட்டுக்குச் சென்று பெற்றோரிடம் பேசினேன். "மழை பெய்யட்டும் சார், அனுப்புறோம்" என்றார் தந்தை. அவ்வாண்டு மழை பெய்யவில்லை.

1986-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. தீப்பெட்டி செய்யும் வேலை, குழந்தைகளை அமர்த்தக் கூடாத தொழில்களின் பட்டியலில் இடம் பெற்றது. சட்டமும் சத்துணவும் ஆசிரியர்களின் நச்சரிப்பும், பின்னர் வந்த எந்திரங்களும் சேர்ந்து, அந்த விடியற்கால வேன்களை மெல்ல மெல்ல நிறுத்தின. ஆனால் நான் தலைமையாசிரியனாகி ஓய்வு பெற்ற பிறகும் என் வருகைப் பதிவேட்டில் அந்த ஒரு பெயருக்கு எதிரே உள்ள வெற்றிடம் நிரம்பவில்லை.

விலை இரண்டு ரூபாயான அந்த டிசம்பரில், கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்மணி என்னை அடையாளம் கண்டு வணங்கினார். அந்தச் சிறுமிதான், தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மகள் கல்லூரியில் கணிதம் படிப்பதாகப் பெருமையுடன் சொன்னார். விலை உயர்வைப் பற்றி நான் பேச்செடுத்தேன். அவர் புன்னகையோடு, "பெட்டி விலை ஏறினதைப் பேப்பர்ல போட்டாங்க சார். பெட்டி ஒட்டுனவங்களுக்கு என்ன கூலின்னு யாரும் போடலை" என்றார். நான் விடை சொல்ல இயலாமல் நின்றேன். அறுபது வயதுக்கு மேல் நான் கற்ற பாடம் அது.

நண்பர்களே, மலிவு என்பது இருவகை. அறிவால் வருவது ஒன்று. தொழிற்சாலைக்காரர் நல்ல எந்திரத்தைக் கண்டுபிடிப்பதாலும், நாம் எண்ணிப் பார்த்து வாங்குவதாலும் கிடைப்பது. அந்த மலிவு யாருடைய தட்டிலிருந்தும் எடுக்கப்படுவதன்று. மற்றொன்று, எங்கோ ஒருவர் தம் கூலியையோ, ஒரு குழந்தை தன் பள்ளிக்கூடத்தையோ இழப்பதால் வருவது. உறையில் அச்சிட்ட விலையில் அந்தப் பகுதி தெரியாது. முதல் வகை மலிவைத் தேடுங்கள், அது சிக்கனம். இரண்டாம் வகையைக் கண்டால் கேள்வி கேளுங்கள், அது அறம்.

இன்று தீப்பெட்டிக்குப் போட்டிகள் பல. எரிவாயு அடுப்பைத் தட்டியவுடன் பொறி தெறிக்கிறது. அயல்நாட்டுப் பிளாஸ்டிக் லைட்டர்கள் தொழிலை நசுக்குவதாக முறையீடுகள் எழுந்ததால், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை நடுவணரசு 2023-ஆம் ஆண்டில் தடை செய்தது. நாளை என்ன ஆகுமோ, காலந்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தந்து விடைபெறுகிறேன். இன்று மாலை வீட்டிலுள்ள தீப்பெட்டி ஒன்றைத் திறந்து குச்சிகளை எண்ணுங்கள். உறையில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒரு குச்சியின் விலையைக் கண்டுபிடியுங்கள். பிறகு குச்சிகளைத் திரும்ப அடுக்கிப் பாருங்கள். ஒரு பெட்டியை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தையும் பாருங்கள். அந்த நேரத்தை 144-ஆல் பெருக்குங்கள். விடை கிடைக்கும்போது, இரண்டு ரூபாய் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதும், எவ்வளவு சிறிய தொகை என்பதும் ஒருங்கே விளங்கும்.